ஒற்றைக் கொலுசு போட்டுவிட்ட துரியோதனன்

பாவா,

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் வீட்டு டி.வி. பெட்டியின் மேல் ஒரு வெள்ளிக் கொலுசு கிடக்கிறது. ஏழு வயசுப் பெண்ணின் காலுக்கு அளவானது. ஒன்றே ஒன்றுதான், ஜோடி இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ஒரே நாளில் மலையின் முன்னூற்று அறுபத்தைந்து படிகளையும் நாலு தடவை ஏறி இறங்கினேன். சரி, உன்னிடம் எதற்குப் பொய்? ஒரு தடவை. அதுவும் பாதிப் படியில் மோர்க்காரியிடம் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. உனக்கு எழுதினால் நிற்குமோ என்று பார்க்கிறேன்.

நீ செத்துப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அக்கா புருஷன் என்று ஊரார் எதிரில் உன்னை ‘நீங்க’ என்பேன், கூத்துக்கு வேஷம் கட்டும் கொட்டகைக்குள் ‘நீ’ என்பேன். இது கொட்டகைக்குள் பேச வேண்டிய பேச்சு. அதனால் ‘நீ’.

நம் தெருவுக்கு முதல் டி.வி. பெட்டியைக் கொண்டுவந்த மாமன்னன் நான்தான். தாலுகா ஆபீஸ் பியூன் என்று உன் தங்கைகள் கேலி பேசுவார்களே, அவர்களே இப்போது ஞாயிறு காலையில் என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி உள்ளே வருகிறார்கள். அந்த நேரத்தில்தான் புராண நாடகம். இந்தியில் ஒரு எழுத்துத் தெரியாத தெரு, இந்தியிலேயே அழுகிறது. அதுவும் யாருக்காக என்கிறாய்? துரியோதனனுக்காக! ஜன்னலோரம் தனியாக நின்று அவன் கண் கலங்குகிறான், பின்னால் வீணை வாசிக்கிறார்கள், இங்கே இருபது முந்தானை மூக்குக்குப் போகிறது. திரையில் இப்போதெல்லாம் எவனும் சும்மா கெட்டவனாக இருப்பதில்லை பாவா. திருவிழாவுக்குத் திருவிழா நாம் கொன்ற அத்தனை பேருக்கும் ஒரு கண்ணீர் கொடுத்து, அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று காட்டிவிடுகிறார்கள். எனக்கும் அது பிடிக்கத்தான் செய்கிறது. அங்கேதான் வில்லங்கமே.

போன வாரம் உன் பெண் அமுலு அரக்கோணத்திலிருந்து தன் நாலு வயசு மகளை இட்டுகினு வந்திருந்தாள். எல்லோரும் அழ, அவள் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

“இரு மாமா. இப்ப பாரு, சிரிப்பான்.”

“யாரும்மா?”

“அவன்தான். அழுது காட்றான் இல்ல? எல்லாரும் நம்பினப்புறம் சிரிப்பான்.”

அவன் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. அவள் எழுந்து, கைப்பையிலிருந்து அந்தக் கொலுசை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

“பீரோவ ஒழிக்கறப்ப கெடச்சுது. ஒத்தைக் கொலுச வெச்சுகினு நான் இன்னா பண்றது? உருக்கிடு, இல்ல தூக்கிப் போடு.”

மத்தியான ரயிலுக்குப் போய்விட்டாள். நான் உருக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

அந்த வருஷத்துக்குப் போக வேண்டும் பாவா. கோபித்துக்கொள்ளாதே.

நம்மூர் ஒரு விசித்திரமான ஊர். மற்ற முருகன் கோயில்களில் எல்லாம் சஷ்டியன்று சூரனைக் குத்திக் கொல்லும்போது, நம்ம சாமி மலைமேல் பூவை வாங்கிக்கொண்டு சிவனே என்று நின்றிருக்கும். கோபம் தணிந்த மலை, அதனால் இங்கே சூரனுக்குச் சாவு கிடையாது. ஆனால் மலைக்குக் கீழே, திரௌபதியம்மன் கோயில் மைதானத்தில், வருஷா வருஷம் ஒருவன் செத்தே ஆக வேண்டும். அந்த ஒருவன் நீ. பதினைந்து வருஷம் செத்தாய்.

படுகளத்துக்கு ஏரி மண்ணால் துரியோதனனைத் தரையில் மல்லாத்திச் செய்வார்கள். அவன் தலை அரக்கோணத்தில் இருக்கும், கால் திருப்பதியில் இருக்கும். அளந்து பார்த்தவர்கள் முப்பது அடி என்பார்கள், அவர்களுக்குக் கண் சரியில்லை. மண் தொடைக்குள் குங்குமத் தண்ணீர்ப் பானை ஒன்று புதைத்திருக்கும். துரியோதன வேஷம் கட்டிய நீ மண் மார்பின் மேல் ஏறி ஆடுவாய். பீம வேஷம் கட்டிய நான் உன்னைத் துரத்திக்கொண்டு சுற்றிவந்து, கடைசியில் கதாயுதத்தால் அந்தத் தொடையில் ஒரு போடு போடுவேன். ரத்தம் பீறிடும். பாஞ்சாலி அதைக் கூந்தலில் தடவி, விரித்த தலையை முடிவாள். பிறகு பெண்கள் பழைய விளக்குமாற்றால் மண் உடம்பை ஒரு சாத்து சாத்திவிட்டு, நெல் பானையில் போட்டுவைக்க வீட்டுக்கு ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு போவார்கள். பாஞ்சாலி தலை முடிந்த பிறகுதான் வேண்டுதலுக்குக் காப்புக் கட்டியவர்கள் பூமிதிக்கத் தணல் குழி நெருப்பில் இறங்கலாம். முடியாவிட்டால் இறங்கக்கூடாது. இதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

“நான் ஒழுங்கா செத்தாத்தான் ஊர் நல்லா இருக்கும்” என்று அரிதாரம் பூசும்போது சொல்வாய். ஊருக்கு அந்த நன்றி இருந்ததா? தண்ணீர்க் குழாயடியில் உன்னைப் பார்த்தால் பெண்கள், “வந்துட்டாரு பாரு, சபையில சேலைய உரியச் சொன்னவரு” என்பார்கள். நீ சிரித்தாய் என்றால் கே.ஜி.கண்டிகையில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆந்திராவுக்கு ஓடிவிடும். அப்படி ஒரு சிரிப்பு. வேஷத்துக்கு மட்டும் வைத்திருந்த சிரிப்பு. வீட்டில் நீ சிரித்து நான் கேட்டதில்லை. பல் தெரியாமல் புன்னகைப்பாய், அவ்வளவுதான்.

அமுலு மூன்று வயசில் முதல் தடவை அந்தச் சிரிப்பைக் கேட்டாள். அதன்பின் வருஷா வருஷம் திருவிழா முடிந்து ஒரு மாசம் உன் கையால் சோறு வாங்க மாட்டாள். நீ தறியிலிருந்து எழுந்தால் அவள் என் அக்காவின் புடவைக்குப் பின்னால் போய்விடுவாள். அவள் இருக்கும் அறைக்குள் நீ இருமிக்கொண்டு நுழைவாய். இருமினால் நைனாதான் வருகிறார், துரியோதனன் இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்று. அதை நான் பார்த்திருக்கிறேன் பாவா. பார்த்துவிட்டு, “இன்னா பாவா, காசநோயா?” என்று கேலியும் பேசியிருக்கிறேன்.

அந்த வருஷம்தான் டூரிங் கொட்டகைக்கு அந்தத் தெலுங்குப் படம் வந்தது. துரியோதனன் கதாநாயகன்! ஊரே வாயைப் பிளந்தது. போருக்குக் கிளம்புமுன் அவன் மண்டியிட்டு, தன் சின்ன மகளின் காலில் கொலுசு மாட்டிவிட்டுப் போவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். கொலுசின் கொக்கி மாட்டாமல் அவன் விரல் நடுங்கும், அவ்வளவுதான் காட்சி. மணல் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் வெள்ளமே வந்து, பெஞ்சு டிக்கெட்காரர்கள் நீந்திக் கரையேறினார்கள். நான் ஏழு தடவை பார்த்தேன். (இது நிஜமாகவே ஏழு.) மூன்றாம் தடவை அமுலுவையும் இட்டுகினு போனேன். திரும்பி வரும்போது என் தோளில் உட்கார்ந்து கேட்டாள்:

“மாமா, துரியோதனனுக்குப் பொண்ணு இருக்குதா?”

“ஆங், இருக்குது.”

“அது பயப்படல?”

“பாத்தியே, பயந்துச்சா?”

வீட்டுக்கு வந்ததும் இறங்கி, தறிக்குழியில் இருந்த உன் முன்னால் போய் ஒரு காலை நீட்டி நின்றாள். “நைனா, எனக்கும் மாட்டு.” நீ என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. மறுநாளே ஒரு ஜோடி கொலுசு வாங்கிவந்து, அதைப் போட்டுவிடாமல் மடியில் ஒளித்து வைத்துக்கொண்டாய்.

“மச்சான், இந்த வருஷம் படுகளத்துல வெச்சு மாட்டப் போறேன்டா. வேஷத்தோட. அந்த மூஞ்சியப் பார்த்துகினே அவ என்கிட்ட வரணும். ஒருக்கா வந்துட்டான்னா அப்புறம் பயம் இல்ல.”

“அம்மாடி, துரியோதனன் அழப் போறானா?”

“அழுதுட்டு சாவான். சாவு தப்பாது, நீ கவலப்படாத.”

அந்த வருஷம் காப்புக் கட்டியவர்களில் என் அக்காவும் ஒருத்தி. முன் வருஷம் அமுலு விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தாளே, அதற்கான வேண்டுதல். நெருப்பில் இறங்கி முடித்தால்தான் குழந்தை உயிருக்குச் சொன்ன சொல் தீரும் என்று பத்து நாள் ஒருவேளைச் சோறு.

சாயங்காலம் நாலரை மணி. ஆட்டம் போட்டோம், சுற்றினோம். சமயம் பார்த்து நீ மண் மார்பின் மேல் உட்கார்ந்து, இடுப்புத் துணியிலிருந்து கொலுசை எடுத்தாய். “பீமா, கொஞ்சம் பொறு. என் பொண்ணுக்கு இத மாட்டிட்டு வரேன்.” அமுலு கூட்டத்திலிருந்து நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்தாள். அந்தச் சிவப்பு முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு மண் தொடையின் மேல் ஏறி நின்று, காலை நீட்டினாள். உன் விரல் நடுங்கியது. படத்தில் நடித்தவனுக்கு நடுங்கியதெல்லாம் ஒரு நடுக்கமா! ஒரு கொலுசை மாட்டிவிட்டாய்.

அப்போதுதான் ஒரு கிழவி, “அடிக்காதடா பீமா!” என்று கத்தினாள். அவ்வளவுதான். “வுட்ருடா, பாவம்டா!” என்று மைதானமே பிடித்துக்கொண்டது. விளக்குமாறுகள் கீழே விழுந்தன. நான்? பத்தாயிரம் யானை பலம் கொண்ட பீமன்? கதாயுதத்தைக் கீழே ஊன்றிக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கோபம் தணிந்த ஊரில் பிறந்தவனுக்கு எங்கிருந்து வரும் கோபம்? ஏழு தடவை பார்த்த படம் வேறு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

பாஞ்சாலி வேஷம் கட்டியவர் மணவூர் ரயில்வே கேட்டுக்காரர், ஞாபகம் இருக்கிறதா? விரித்த தலையோடு என் காதில், “டேய், அடிச்சுத் தொல. ஏழு மணிக்கு எனக்கு டூட்டி. இந்தத் தலையோடயா நான் போய்க் கேட்டு சாத்தறது?” என்றார். நான் ஓங்கினேன். கை பாதியில் நின்றது. மறுபடி ஓங்கினேன். அமுலு என்னைப் பார்த்தாள். மறுபடி நின்றது. கால்மணி ஆனது, அரைமணி ஆனது. குழிப்பக்கம் இருந்து ஒருத்தர், “பூ சாம்பல் தட்டுது!” என்று குரல் கொடுத்தார். தணல் அணைந்து போனால் அந்த வருஷத்து வேண்டுதல் அத்தனையும் போச்சு.

நீ திரும்பிக் குழியைப் பார்த்தாய். ஓரத்தில் ஈர மஞ்சள் புடவையில் அக்கா நிற்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தாய். பிறகு காலடியில் ஒற்றைக் கொலுசோடு, மற்றக் காலையும் நீட்டிக்கொண்டு நின்ற அமுலுவைப் பார்த்தாய். நான் ரெண்டடி தூரத்தில் இருந்தேன் பாவா. எல்லாம் பார்த்தேன்.

பிறகு எழுந்தாய். சிரித்தாய்.

“கொலுசாம் கொலுசு! அழுதேன்னு நம்பிட்டீங்களாடா முட்டாப் பசங்களா! டேய் பீமா, சோத்துக்குப் பொறந்தவனே, பெண்டாட்டி தலைய விரிச்சுப் போட்டுகினு நிக்கிறா, நீ மூக்கச் சிந்திகினு நிக்கிறியா? கதாயுதத்த அவ கையில குடுத்துட்டு நீ போய்ச் சேலை கட்டுடா!”

மற்றக் கொலுசைத் தூக்கி மண்ணில் வீசினாய். அமுலு வீறிட்டு ஓடினாள். ஒரு காலில் மட்டும் சத்தம். கூட்டம் “அடிடா அவன!” என்று கொந்தளித்தது. என் கை தானாக இறங்கியது. பானை உடைந்து ரத்தம் என் மார்புவரை தெறித்தது. கேட்டுக்காரர் தலை முடிந்தார், அக்கா நெருப்பில் இறங்கினாள், பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மாலை, பரிவட்டம். கொட்டகையில் நீ தேங்காயெண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். “அமுலுகிட்ட நான் சொல்றேன் பாவா” என்றேன்.

“இன்னான்னு? உங்கப்பன் நல்லவன், மாமன்தான் அழுமூஞ்சின்னா? வுடு. ஊர்ல உன்ன இப்பதான் பீமன்றாங்க. நான் ஒழுங்கா செத்தேன் இல்ல? போதும்.”

நான் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த காரியம். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் ‘பீமன் சார்’ என்கிறார்கள். “அன்னிக்கு நான் மட்டும் இல்லன்னா பூமிதியே இல்ல” என்று ஆயிரம் டீக்கடையில் நானே சொல்லியிருக்கிறேன். உன் பெண்ணோ நீ கொடுத்த ஒரே ஒரு கொஞ்சலை வேஷம் என்றும், நீ போட்ட வேஷத்தை நிஜம் என்றும் எடுத்துக்கொண்டு வளர்ந்தாள். உனக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். நீ உயிர் போய்க் கிடந்த அன்றுகூட வந்து நின்றாள், அழவில்லை. என் பக்கம் குனிந்து, “நான் அழுதா எழுந்து சிரிப்பாரு மாமா” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வெற்றிலை இருந்தது. வேறு காரணம் யோசித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இதற்கு மேல் எழுத முடியாமல் வியாழக்கிழமை மூடி வைத்துவிட்டேன். இன்று ஞாயிறு. சாயங்காலம் உட்காருகிறேன்.

காலையில் அமுலு வந்தாள். நாடகம் முடிந்து தெரு கலைந்த பிறகு, கொலுசைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். பாதி கேட்பதற்குள் சிரித்தாள்.

“மாமா, நீ அரக்கோணம் பாசஞ்சர ஒத்தக் கையால நிறுத்தினவன். ஏரியில முதலையோட குஸ்தி போட்டவன். இப்ப எங்க நைனா நல்லவராக்கும்? டி.வி. பாத்துட்டு நீயும் ஆரம்பிச்சிட்டியா?”

பாவா, ஐம்பத்தெட்டு வருஷம் புளுகியதன் பலனை ஒரே நொடியில் பார்த்துவிட்டேன். எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். கடைசியில் சொன்னேன்:

“அமுலு, அன்னிக்கு நான் அடிக்கல. அழுதுகினு நின்னேன். அரைமணி நேரம். உங்கம்மா விழுந்துடுவா மாதிரி ஆடிகினு இருந்தா. தணல் அணையப் போச்சு. உங்க நைனா சிரிச்சு, திட்டி, எனக்குக் கோவம் வரவெச்சாரு. உன்னையும் சேத்துத் திட்டினா மாதிரி ஆச்சு. எல்லாம் என்னால. அதுக்கப்புறம் அவரு சொல்ல வேணாம்னாரு, எனக்கும் மாலை பிடிச்சிருந்துது.”

அவள் என் கையிலிருந்து கொலுசை வாங்கிக்கொண்டாள்.

“உன் புளுகுல நீ எப்பவும் ஜெயிப்ப மாமா” என்றாள் மெதுவாக. “இதுல தோத்துட்டியே.”

கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள். வெளியே மலைக்குப் போகும் காவடியா திருப்பதி பஸ்ஸா என்று தெரியாத ஒரு சத்தம் போய்க்கொண்டிருந்தது. அந்த இன்னொரு கொலுசைப் பற்றிக் கேட்டாள். மண்ணோடு அள்ளிக்கொண்டு யாரோ போயிருப்பார்கள் என்றேன். எந்த வீட்டு நெல் பானையில் கிடக்கிறதோ.

படம் எடுப்பவனுக்கு வசதி இருக்கிறது பாவா. அவன் துரியோதனனை எவ்வளவு வேண்டுமானாலும் அழவிடலாம். பீமனும் சேர்ந்து அழுதாலும் அடுத்த ரீல் ஓடும். ஈரப் புடவையோடு அங்கே யாரும் காத்துக்கொண்டிருப்பதில்லை. உனக்கு அந்த வசதி இல்லை. இதை அவளிடம் சொல்லத்தான் நினைத்தேன், அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் மாமா? ஒருக்கா சிரிச்சுக் காட்டு.”

“எனக்கா? அது உங்க நைனா சிரிப்பும்மா.”

“நீதானே பக்கத்துல இருந்த? சிரி.”

துண்டை இடுப்பில் கட்டினேன். மார்பை நிமிர்த்தினேன். சிரித்தேன். அவள் மகள் பொம்மையைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள். எதிர்வீட்டு நாய் குரைத்தது. அமுலு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ஆங், இதேதான்... ஆனா கடைசியில ஏன் இப்படிக் கம்முது? உனக்குத் தொண்ட கட்டிருச்சா?”

“இல்லம்மா. உங்க நைனாவுக்கு அன்னிக்குக் கடைசியில அப்படித்தான் கம்முச்சு. தூரத்துல இருந்தவங்களுக்குக் கேட்டிருக்காது.”

கட்டிலுக்கு அடியிலிருந்து குழந்தையை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுதாள் பாவா. நிமிர்ந்து யாரும் சிரிக்கிறார்களா என்று பார்க்கவில்லை.

கிரீடத்தைச் செல் அரித்துவிட்டது. கதாயுதத்தை யாரோ அடுப்பில் வைத்து எரித்துவிட்டார்கள். கொலுசை அமுலுவே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உன்னுடையதில் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான், கடைசியில் கம்முகிற இடம் உள்பட. அவள் போனதிலிருந்து பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த தடவை குழந்தை பயப்படாமல் கேட்க வேண்டுமாம், அமுலு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பாதி வரைக்கும் உன்னைப் போலவே வருகிறது. அந்தக் கடைசி இடம் மட்டும் நான் முயற்சி பண்ணாமலே வந்துவிடுகிறது.